சர்க்கரை மாத்திரை மேல் விழுந்த பழி: டோங்காட்டில் நான்கு மாத வயிற்றுப்போக்கு

நோயாளி 68 வயதுப் பெண், கணவரை இழந்தவர். டர்பனுக்கு வடக்கே, கரும்பு வயல்கள் சூழ்ந்த டோங்காட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். பத்தாண்டுகளுக்கு மேலாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் இருவேளை, இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் 10 மில்லிகிராம் ஒருவேளை எடுத்துக்கொண்டிருந்தார். 2022 டிசம்பரில் சக்கர நாற்காலியில் வைத்து எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுத அவர் சம்மதித்தார்.

இந்த நோய்க்கான மருந்து மலிவானது, அரசு கிளினிக் எல்லாவற்றிலும் அலமாரியில் இருப்பது. நான்கு மாதம் வீணானது இரண்டு கேள்விகள் கேட்கப்படாததால். ஒன்றை நோயாளியிடம் கேட்டிருக்க வேண்டும், மற்றொன்றை ஆய்வகத்திடம்.

நோயின் வரலாறு

ஆடி மாத மாரியம்மன் கூழ்ப் பூசைக்குப் போய்வந்த வாரத்தில் போக்கு தொடங்கியது. புளித்த கூழ்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். ஊர் முழுக்கக் குடித்த கூழ் அது, வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சந்தேகம் தண்ணீர் மேல் விழுந்தது. இதில் நியாயம் இருந்தது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசூலு-நட்டாலைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் பலத்த சேதமடைந்து, ஊர் பல மாதங்கள் லாரித் தண்ணீரை நம்பிப் பிழைத்தது. கழிவுநீர்க் கட்டமைப்பு உடைந்து சாக்கடை ஆறுகளில் கலந்தது. ஆனால் அதே குடத்துத் தண்ணீரைத்தான் மகனும் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் குடித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை. ஒரே தண்ணீரைக் குடித்த ஐந்து பேரில் ஒருவர் மட்டும் மாதக்கணக்கில் படுத்தால், தண்ணீரை ஆராய்வதோடு அந்த ஒருவரின் உடம்பையும் ஆராய வேண்டும்.

நாளுக்கு எட்டுப் பத்து முறை, நீராக, நிறைய அளவில் போனது. இரத்தம் இல்லை, சளி இல்லை. இரவிலும் எழுந்து ஓட வேண்டியிருந்தது. சாப்பிட்டவுடன் வயிறு உப்பி முறுக்கியது. காய்ச்சல் இல்லை. எடை 61 கிலோவிலிருந்து 47 கிலோவுக்கு வந்திருந்தது. இதில் ஒரு பங்கு நோயால், ஒரு பங்கு வைத்தியத்தால். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்ற பழைய நம்பிக்கையில் வெறும் கஞ்சித் தெளிவும் கறுப்புத் தேநீருமாக அவரை வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். நாள்பட்ட போக்கில் பட்டினி போடுவது குடலுக்கு ஓய்வு தருவதில்லை; குடல் உறிஞ்சிகள் மேலும் மெலிந்து, உறிஞ்சும் திறன் இன்னும் குறைகிறது.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் பார்த்த மருத்துவர்கள் ஒன்றும் செய்யாமல் விடவில்லை. முதலில் போக்கை அடக்கும் லோபராமைடு. பிறகு அமீபா போன்ற கிருமிகளுக்கான மெட்ரோனிடசோல், போக்கு நிற்காதபோது மறுபடியும் மெட்ரோனிடசோல். வயிறு என்றாலே விபூதி பூசுவதுபோல் இந்த மாத்திரையை எழுதும் வழக்கம் எங்கும் உண்டு. மலப் பரிசோதனை செய்தார்கள். ‘ஒட்டுண்ணி இல்லை’ என்றும், கிருமி வளர்ப்பில் எதுவும் வளரவில்லை என்றும் அறிக்கை வந்தது. மெட்ஃபார்மின் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள உண்மை. ஆகவே அதை மூன்று வாரம் நிறுத்திப் பார்த்தார்கள். போக்கு குறையவில்லை, சர்க்கரைதான் ஏறியது. மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். நிறுத்தியும் குறையாத போக்குக்கு அந்த மாத்திரை காரணமாக இருக்க முடியாது. இருந்தும் மருத்துவக் குறிப்பில் ‘மெட்ஃபார்மின் ஒவ்வாமை’ என்ற வரி கடைசிவரை அடிக்கப்படாமல் இருந்தது. ஒருமுறை எழுதப்பட்ட காரணத்துக்கு மருத்துவக் குறிப்பில் ஆயுள் கெட்டி. பெருங்குடல் அகநோக்கிக்குத் தேதி வாங்கியிருந்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை மட்டும் ஒருவரும் செய்யவில்லை.

தென்னாப்பிரிக்காவில் 75 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள், உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. பாதிப்பு மிக அதிகமான மாகாணங்களில் குவாசூலு-நட்டாலும் ஒன்று. இங்கு ஓர் இளம் சூலுப் பெண் ஒரு மாதப் போக்கோடு வந்தால், பெயர் எழுதும் முன்பே பரிசோதனை முடிந்திருக்கும். சேலை கட்டிய, நெற்றியில் திருநீறு இட்ட 68 வயது விதவையிடம் அதைக் கேட்க நாக்கு எழவில்லை. இந்திய வம்சாவளியினரிடம் தொற்று வீதம் குறைவு என்பது கணக்கெடுப்பில் தெரிந்த உண்மைதான். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அந்த வீதம் எதையும் சொல்லாது.

உடல் பரிசோதனை

இரத்த அழுத்தம் 92/58, நாடி நிமிடத்துக்கு 112. நாக்கு வறண்டிருந்தது, கண் உள்வாங்கியிருந்தது. வயிறு மென்மையாக இருந்தது. கட்டி இல்லை, கல்லீரலும் மண்ணீரலும் தட்டுப்படவில்லை. அண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைப் படலம். சுரண்டினால் பெயர்ந்தது, பூஞ்சைத் தொற்று. முன்பு இதையும் சர்க்கரையின் கணக்கில் எழுதியிருந்தார்கள். மேலாடையை விலக்கிப் பார்த்தபோது வலப்பக்க விலாவை ஒட்டி, பட்டையாக ஒரு பழைய தழும்பு. ‘அக்கி வந்தது, கோயில் பூசாரி செம்மண்ணில் எழுதினார், ஆறிவிட்டது’ என்றார். அக்கி முதியவர்களுக்கு வருவதுதான். ஆனால் மெலிவு, நாள்பட்ட போக்கு, வாய்ப் பூஞ்சை, அக்கித் தழும்பு ஆகிய நான்கையும் ஒரே உடம்பில் பார்த்த பிறகு எச்.ஐ.வி.யை நினைக்காமல் இருக்க முடியாது.

முதல் நாள் முடிவுகள்

சோடியம் 131, பொட்டாசியம் 2.4, குளோரைடு 109, பைகார்பனேட் 13, சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ஏறும் கிரியேட்டினின் 168. மலத்தோடு பைகார்பனேட் வெளியேறுவதால் உண்டாகும் அமிலநிலை இது. மெட்ஃபார்மினால் லாக்டேட் ஏறியிருக்குமோ என்று பார்த்தோம், இயல்பான 1.6தான் இருந்தது. இருந்தாலும் சிறுநீரகம் இந்த நிலையில் இருக்கும்போது மெட்ஃபார்மினையும் எனலாப்ரிலையும் நிறுத்திவிட வேண்டும், நிறுத்தினோம். இதய மின்பதிவில் பொட்டாசியக் குறைவின் அடையாளங்கள் தெரிந்தன. ஹீமோகுளோபின் 9.8, ஆல்புமின் 26. வெள்ளணு மொத்த எண்ணிக்கை இயல்பு, ஆனால் அதில் ஒரு வகையான இயோசினோஃபில் மட்டும் மைக்ரோலிட்டருக்கு 1,100, இயல்பைவிட அதிகம். இந்தக் கடைசி எண்ணைப் பிறகு பார்ப்போம்.

எச்.ஐ.வி. விரைவுச் சோதனைக்கு முறைப்படி ஒப்புதல் கேட்டேன். ‘சர்க்கரைக்குத்தானே இரத்தம் எடுக்கிறீர்கள், எல்லாவற்றையும் பாருங்கள்’ என்றார். அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வது சம்மதம் ஆகாது என்பதால், எதற்கான சோதனை என்று மறுபடியும் விளக்கி, அவர் தலையசைத்த பிறகே எடுத்தோம். முதல் சோதனையும், உறுதிசெய்ய வேறு வகைக் கருவியில் செய்த இரண்டாம் சோதனையும் தொற்று இருப்பதைக் காட்டின. எச்.ஐ.வி. அழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்களான சிடி4 மைக்ரோலிட்டருக்கு வெறும் 38. வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 4,12,000.

முடிவைச் சொன்ன விதம்

மருமகளை உடன் வைத்துச் சொல்ல முடியாது. தேநீர் குடித்துவரச் சொல்லி அனுப்பினேன். ஆனால் வார்டில் படுக்கைக்குப் படுக்கை திரைதான் மறைப்பு. பக்கத்துக் கட்டில்களில் ஆங்கிலமும் சூலுவும் அறிந்தவர்கள். நான் தமிழ்நாட்டில் படித்து இங்கு வந்தவன். அவர் பேசியது தாத்தா பாட்டியிடம் கற்ற, பழைய வட ஆர்க்காட்டுச் சாயல் கொண்ட தமிழ். அவருடைய மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த மொழி தெரியாது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் டர்பனில் இறங்கியதிலிருந்து எத்தனையோ வீடுகளில் தேய்ந்துபோன மொழி, அன்று எங்களுக்குச் சுவராக நின்றது.

‘டாக்டர் தம்பி, நான் அந்த மாதிரிப் பெண் இல்லை’ என்பது அவருடைய முதல் வார்த்தை.

‘தெரியும் அம்மா. வீட்டுக்காரர் எதனால் இறந்தார்?’

‘டி.பி. என்றார்கள். லாரி ஓட்டினார், ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் போவார். 2010இல் போய்விட்டார். டி.பி. மாத்திரை வீட்டில் இருக்கும். வேறொரு மாத்திரையும் சாப்பிட்டார், அதை லாரியிலேயே வைத்திருந்தார்.’

சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவர் கேட்டது சாவைப் பற்றி இல்லை. ஆடி மாதம் கோயிலில் கூழ் கிண்டும் பெண்களில் அவரும் ஒருவர். இனி அந்த அண்டாவின் பக்கம் போகலாமா, வீட்டில் தனித் தட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா என்றார். எச்.ஐ.வி. சமையலாலோ தட்டாலோ பரவாது என்று சொன்னேன். வயிற்றில் உள்ள கிருமி வேறு விஷயம், அது என்னவென்று தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். மகனிடம் எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார். இரண்டு மாதம் கழித்துச் சொன்னார்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது

போக்கின் இயல்பே குடலில் எந்தப் பகுதி என்று சொல்லிவிடும். அளவு அதிகமாக, நீராக, உப்புசத்தோடு போய் எடை கரைந்தால் சிறுகுடல். சிறிது சிறிதாக, இரத்தமும் முக்கலுமாக இருந்தால் பெருங்குடல். சைட்டோமெகலோவைரஸ், ஷிகெல்லா, அமீபா, கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஆகிய கிருமிகளை அங்கே தேட வேண்டும். இவருக்குச் சிறுகுடல். சால்மோனெல்லா, ஜியார்டியா, குடல் காசநோய் ஆகியவை சிடி4 எந்த அளவில் இருந்தாலும் வரலாம். எண்ணிக்கை 100க்குக் கீழே போனால் கிரிப்டோஸ்போரிடியம், சிஸ்டோஐசோஸ்போரா, மைக்ரோஸ்போரிடியா ஆகிய நுண்ணிய குடல் ஒட்டுண்ணிகள் முன்னுக்கு வருகின்றன. 50க்கும் கீழே என்றால் காசநோய்க் கிருமிக்கு உறவான ஏவியம் வகை மைக்கோபாக்டீரியாவும் சைட்டோமெகலோவைரஸும் சேர்ந்துகொள்கின்றன. கூடவே இந்த மாகாணத்தில் காசநோயைத் தேடாமல் எந்த எச்.ஐ.வி. நோயாளியையும் விட முடியாது. சளியிலும் சிறுநீரிலும் தேடினோம், மார்பு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் எடுத்தோம், சான்று இல்லை. மூளையைத் தாக்கக்கூடிய கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் ஆன்டிஜனும் இரத்தத்தில் இல்லை.

முன்பு வந்த ‘ஒட்டுண்ணி இல்லை’ என்ற அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. வழக்கமான மலப் பரிசோதனையில் புழு முட்டைகள், அமீபா, ஜியார்டியா போன்றவற்றைப் பார்ப்பார்கள். சிஸ்டோஐசோஸ்போராவின் முட்டையுறை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால் சாதாரண ஈரப் பூச்சில் எளிதில் நழுவிவிடும். கிரிப்டோஸ்போரிடியம் மிகச் சிறியது. மாற்றப்பட்ட அமிலம் தாங்கும் சாயம் (modified acid-fast) ஏற்றினால் இரண்டும் சிவப்பாக நிற்கும். படிவத்தில் ‘நாள்பட்ட போக்கு, நோயெதிர்ப்புக் குறைவு, காக்சிடியா தேடவும்’ (இவ்விரண்டும் சேர்ந்த ஒட்டுண்ணி வகையின் பெயர் அது) என்று எழுதாவிட்டால் பல ஆய்வகங்கள் அந்தச் சாயத்தைத் தொடமாட்டார்கள். மைக்ரோஸ்போரிடியாவுக்கு அதுவும் போதாது, தனிச் சாயம் வேண்டும். அவற்றின் வித்துகள் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான்.

முதல் மாதிரியில் எதுவும் கிடைக்கவில்லை. ஒட்டுண்ணி விட்டுவிட்டு வெளியேறும் என்பதால் அதோடு நிறுத்தக் கூடாது. இரண்டாம் மாதிரியில், மூன்றாம் நாள், இருபத்தைந்து மைக்ரோமீட்டருக்கும் அதிக நீளத்தில், இருமுனை குறுகிய நீள்வட்ட உறைகள் சிவப்பாகத் தெரிந்தன: சிஸ்டோஐசோஸ்போரா பெல்லி. இதே சாயத்தில் கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரோமீட்டர் உருண்டையாகவும், சைக்லோஸ்போரா 8 முதல் 10 மைக்ரோமீட்டர் உருண்டையாகவும் தெரியும். அளவையும் வடிவத்தையும் பார்த்தால் குழப்பம் வராது.

இப்போது அந்த 1,100 இயோசினோஃபிலுக்கு வருவோம். ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் பொதுவாக இயோசினோஃபிலை ஏற்றுவதில்லை; சிஸ்டோஐசோஸ்போரா விதிவிலக்கு. புழு இல்லாத போக்கில் இந்த எண் ஏறியிருந்தால் இதன் பெயரை நினைக்க வேண்டும். எந்தக் கிளினிக்கிலும் எடுக்கும் முழு இரத்த எண்ணிக்கையிலேயே கிடைக்கும் துப்பு இது.

கூழ் அண்டா பற்றிய கேள்விக்கும் இப்போது விடை இருந்தது. இந்த ஒட்டுண்ணிக்கு மனிதரைத் தவிர வேறு உறைவிடம் அறியப்படவில்லை. மலத்தில் வெளிவரும்போது அது தொற்றும் நிலையில் இருப்பதில்லை. வெளியே ஒன்றிரண்டு நாளாவது கிடந்து முதிர வேண்டும். அதனால் கைமாறி நேரடியாகப் பரவுவது அரிது. சாக்கடை கலந்த நீரும் அதில் கழுவிய காய்கறியும்தான் வழி. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சமைக்கலாம் என்று சொன்னேன்.

சிகிச்சை

மருந்துக்கு முன்னால் நீர். நாளத்தின் வழியே உப்புநீரும் பொட்டாசியமும் கொடுத்தோம், வாயால் உப்பு சர்க்கரைக் கரைசல். வீட்டுக்கும் அதன் அளவை எழுதிக்கொடுத்தோம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரையா என்று மருமகள் திடுக்கிட்டார். குடலில் உப்பை உள்ளே இழுத்துச் செல்வது அந்தச் சர்க்கரைதான், அதை விட்டுவிட்டு வெறும் உப்புநீர் கொடுத்தால் பயனில்லை என்று விளக்க வேண்டியிருந்தது. பட்டினி நின்றது; பருப்புச் சோறு, முட்டை, வாழைப்பழம் தொடங்கியது.

மூன்றாம் நாள் கிரியேட்டினின் 97க்கு இறங்கியது. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்குச் சுமார் 36 மில்லிலிட்டர். 30க்கு மேல் இருந்ததால் இந்த ஒட்டுண்ணிக்கான மருந்தான காட்ரிமாக்சசோலை (ட்ரைமெத்தோப்ரிமும் சல்ஃபாமெத்தாக்சசோலும் சேர்ந்தது) முழு அளவில் கொடுக்க முடிந்தது: 80/400 மில்லிகிராம் மாத்திரை நான்கு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்து நாள். மருந்தின் மூன்றாம் நாளே மலம் இருமுறையாகக் குறைந்து கெட்டிப்பட்டது. நான்கு மாதம் நிற்காதது மூன்று நாளில் நின்றதும் குடும்பத்தார் மருத்துவமனையைக் கும்பிட்டார்கள். எங்களுக்கு அப்போதுதான் அடுத்த தலைவலி.

மருந்தின் நான்காம் நாள் பொட்டாசியம் அளவு மீறி 5.7 ஆனது. போக்கு நின்றுவிட்டது, ஆனால் பொட்டாசிய மாத்திரை தொடர்ந்துகொண்டிருந்தது. கூடவே காட்ரிமாக்சசோலில் உள்ள ட்ரைமெத்தோப்ரிம் சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும். எனலாப்ரிலும் அதைத்தான் செய்யும் என்பதால் அதை நிறுத்தி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பொட்டாசிய மாத்திரையை நிறுத்தியதும் இரண்டு நாளில் சரியானது. முதியவருக்கு இந்த மருந்தை உயர் அளவில் கொடுக்கும்போது, முதல் நாள் பொட்டாசியம் குறைவாக இருந்ததே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இரண்டாம் வாரத்தில் தொடங்கினோம். 2016 செப்டம்பரிலிருந்து இந்நாட்டில் சிடி4 எவ்வளவாக இருந்தாலும் எல்லாருக்கும் சிகிச்சை உண்டு. வழக்கமான மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றாக இருக்கும். சிறுநீரக வடிகட்டல் 50க்குக் கீழே இருந்ததால் டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர். இதில் இங்குள்ள மருத்துவர்கள் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. அபாகாவிர் கடும் ஒவ்வாமை எச்.எல்.ஏ.-பி 57:01 என்ற மரபுக்கூறு உள்ளவர்களுக்கு வரும். கறுப்பின ஆப்பிரிக்கர்களிடம் அது அரிது; இந்திய வம்சாவளியினரிடம் அதைவிடக் கணிசமாக அதிகம். ஆகவே மரபுச் சோதனைக்கு அனுப்பி, அந்தக் கூறு இல்லை என்று வந்த பிறகே கொடுத்தோம். காட்ரிமாக்சசோலாலும் இரண்டாம் வாரத்தில் தோல் தடிப்பு வரக்கூடும் என்பதால் இரண்டையும் ஒன்றாகத் தொடங்காதது வசதியாக இருந்தது.

டோலுடெக்ராவிர் இரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவை உயர்த்தும். அதனால் மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்கியபோது 500 மில்லிகிராம் இருவேளையோடு நிறுத்திக்கொண்டோம். இரும்புச்சத்து மாத்திரையை டோலுடெக்ராவிருடன் வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது, இரண்டையும் உணவோடு சேர்த்து எடுக்கலாம் என்று தமிழில் சொன்னேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் அவரே அதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்.

பின்தொடர்தல்

வீடு திரும்பும்போது காட்ரிமாக்சசோல் தினம் இரண்டு மாத்திரை தொடரச் சொல்லியிருந்தோம். இரண்டு மாதம் கழித்துப் போக்கு திரும்பியது, நாளுக்கு ஐந்து முறை. மலத்தில் மறுபடியும் அதே நீள்வட்ட உறைகள். ‘கழிச்சல்தான் நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு அந்தப் பெரிய மாத்திரை’ என்று அவர் அதை மட்டும் விட்டிருந்தார், எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. சிடி4 உயரும் வரை தடுப்பு மருந்து இல்லாவிட்டால் இந்தத் தொற்று திரும்புவது வழக்கம். பத்து நாள் சிகிச்சையை மீண்டும் கொடுத்தோம், நின்றது. இதற்குள் மகனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்ததால் மாத்திரையை எண்ணி எடுத்துவைக்கும் வேலையைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள்.

ஆறாம் மாதம் வைரஸ் அளவு 50க்குக் கீழே. பன்னிரண்டாம் மாதம் எடை 57 கிலோ, ஹீமோகுளோபின் 11.9, இயோசினோஃபில் இயல்பு, சிடி4 176. இந்த வயதில் அணுக்கள் மெதுவாகத்தான் ஏறும். 200ஐத் தாண்டி ஆறு மாதம் நிலைக்கும் வரை காட்ரிமாக்சசோல் தொடர்கிறது, அதனால் இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலுக்குப் பதில் அம்லோடிபின். நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதில் சர்க்கரை ஏறிவிட்டது; குறைந்த அளவு மெட்ஃபார்மின் போதாமல் இரவில் இன்சுலின் சேர்த்திருக்கிறோம். மருத்துவக் குறிப்பிலிருந்த ‘மெட்ஃபார்மின் ஒவ்வாமை’ என்ற வரியை அடித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டாயிற்று.